இரண்டு மணிக்கு வருமென்று சொன்ன தண்ணீர்

சென்ற மாதம் திருத்தணி அலுவலகத்திலிருந்து பவித்ரா என்ற இளம் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். நான் முன்பு பணியாற்றிய அதே பிரிவில், அதே பதவியில் இப்போது அவர் இருக்கிறார். ஆற்றின் நீர்மட்டத்தைத் தானாக அளந்து அனுப்பும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்களாம். இனி வெள்ள எச்சரிக்கை நேராக மக்களின் கைபேசிக்கே போய்விடும். அதற்கான வாசகத்தை எழுதும் வேலை அவரிடம் வந்திருக்கிறது. பழைய எச்சரிக்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தவருக்கு ஒரு சந்தேகம்.

“மேடம், எவ்ளோ தண்ணி, எந்தெந்த ஊரு, யார் சொன்னது, யார் கேட்டுக்கினது, எல்லாத்துக்கும் கட்டம் இருக்குது. எத்தனை மணிக்கு வந்து சேரும்னு போட மட்டும் கட்டமே இல்ல. அச்சடிச்சவங்க விட்டுட்டாங்களா?”

“விடலம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“ஏன் மேடம்? ஜனங்க முதல்ல கேக்கறதே அதுதானே?”

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய காரணமாக அது இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் காரணத்தோடு தொடர்புடைய குடும்பம் இன்னும் ஆற்றின் அதே கரையில் வாழ்கிறது. ஆகவே ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நேரங்களை மட்டும் மாற்றவில்லை.

பொறியியல் பட்டத்தோடு பாசனத் துறையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. முதல் சில ஆண்டுகள் ஏரிக்கரைகளிலும் மதகுகளிலும் கழிந்தன. கரையில் நடந்துகொண்டே கசிவைக் கண்டுபிடிப்பதற்கும், ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கலில் வழியும் நீரின் உயரத்தைப் பார்த்து அளவைச் சொல்வதற்கும் பழகினேன். பிறகு திருத்தணிப் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக, ஊர்க்காரர்கள் வாயில் ‘ஏ.ஈ.’யாக, வந்தேன். பள்ளிப்பட்டுப் பக்கம் ஆந்திர எல்லையைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆற்றின் ஒரு பகுதி என் பொறுப்பு.

எங்கள் பகுதியின் கோடையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயில் செய்தியில் எங்கள் ஊரின் பெயர் வராத ஆண்டு கிடையாது. மலைப்படிகளில் காவடியோடு ஏறுகிறவர்கள், நிழல் விழுந்த படியைத் தேடித் தேடிக் காலை வைப்பார்கள். அலுவலகச் சுவரில் மாலை ஐந்து மணிக்குக் கை வைத்தாலும் சுடும். கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் பாதிக் கிணறுகள் வற்றிவிடும். விவசாயிகள் ஆற்று மணலைத் தோண்டி இறங்குவார்கள். இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். பக்கவாட்டு மணல் சரியாமலிருக்கப் பனை மட்டையும் மூங்கில் தட்டியும். பள்ளத்தின் அடியில் ஊறும் தண்ணீரை மேலே நின்று இழுக்க முடியாது என்பதால், ஆயில் இன்ஜினையே கயிறு கட்டி உள்ளே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கரைக்கு நீளமான குழாய். அந்தக் குழாயின் முனையில்தான் கோடைப் பயிர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் அலுவலகத்தின் கணக்கில் வெள்ளத்துக்கென்று தனி மாதங்கள் உண்டு. மே மாதம் அவற்றில் இல்லை. ஏப்ரலில் வெள்ளப் பதிவேடுகளைத் துணியில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவோம். கோடையில் எங்களுக்கு இருந்த பகை வறட்சி ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம்.

என் மேலதிகாரி, உதவி செயற்பொறியாளர் தேவநேசன், அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று தலைமுறையாக ஆசிரியர் வேலை பார்த்த குடும்பம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் போட்டேயிருக்கும். எங்கள் குறிப்புகளை அவர் பென்சிலால்தான் திருத்துவார். காரணம் கேட்டபோது, “ஆத்துக்குப் போனது நீங்க. நான் போகல. நான் எழுதினது தப்புன்னு தோணிச்சின்னா அழிச்சிடணும்ல?” என்றார். கீழே இருப்பவர் அழிக்கலாம் என்று சொன்ன அதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அவர் சகித்துக்கொள்ளாத சொற்கள் சில உண்டு. ‘பலத்த’, ‘கடும்’, ‘விரைவில்’. இவற்றில் ஒன்று குறிப்பில் இருந்தாலும் பென்சில் வட்டம் விழும். எச்சரிக்கைச் செய்தியை வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசியை வைக்கமாட்டார்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு பின்னணி இருந்தது. எங்கள் லஸ்கர் எத்திராஜ்தான் ஊர்களுக்குச் செய்தி கொண்டுபோவார். லஸ்கர் என்றால் கரையையும் மதகையும் காவல் காக்கும் கடைநிலை ஊழியர். பழைய மொபெட்டில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, “தண்ணி வந்துகினே கீது, எல்லாரும் மேல ஏறுங்க” என்று கரை நெடுகக் கூவிக்கொண்டு போவார். யாரும் அசைய மாட்டார்கள். ஒருமுறை நானும் உடன் இருந்தேன். தரைப்பாலத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நீயும் காலையிலேருந்து வருது வருதுன்ற. இன்னா, உன் மாமியார் வூட்டுலேருந்து நடந்து வருதா?”

“எங்க மாமியார் வந்தா இத்தினி நேரம் ஆவாது. நீ மூட்டையக் கட்டு தாயீ.”

அந்த மழைக்காலம் முடிந்ததும் தேவநேசன் ஒரு பட்டியல் தயாரித்தார். ஆந்திரப் பக்கத்தில், எல்லையைத் தாண்டிய ஓர் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் எந்தத் தரைப்பாலத்துக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்ற பட்டியல். ஏழெட்டு ஆண்டுப் பதிவேடுகளைப் பிரித்து, ஒவ்வொரு வெள்ளத்தின் நேரத்தையும் ஒப்பிட்டு, இரவல் வாங்கிய கால்குலேட்டரில் அவரே கணக்குப் போட்டார். அதன் பிறகு எத்திராஜின் அறிவிப்பு மாறியது. “பதினொண்ணே கால் மணிக்கு வரும்” என்றால் தண்ணீர் பதினொன்று இருபதுக்கு வந்து நின்றது. அடுத்த முறை சொன்ன நிமிஷத்துக்கே வந்தது. மக்கள் நம்பத் தொடங்கினார்கள். கைக்கடிகாரம் கட்டியவர்கள் கரையில் நின்று சரிபார்த்தார்கள். ‘ஏ.ஈ. அம்மா டைமு’ என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன்.

“‘சீக்கிரம்’னு சொன்னா பயந்தவன் மட்டும்தான் ஓடுவான். மணி சொன்னா எல்லாரும் கேப்பாங்க,” என்பார் தேவநேசன். அது சரியாகவே இருந்தது, மூன்று மழைக்காலங்களுக்கு.

நான்காம் ஆண்டு மே மாதம். கத்திரியின் நடுப்பகுதி. கைபேசி இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. முந்தைய நாள் மாலையில் ஆந்திர மலைகளில் இடிமழை கொட்டியிருக்கிறது; எங்களுக்கு அதன் மின்னல்கூடத் தெரியவில்லை. அணையில் அந்தக் கோடையில் ஷட்டர் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தேக்கிவைக்க வழியில்லாததால் வரும் நீரை அப்படியே விடப் போவதாக அங்கிருந்து காலை பத்தரைக்குச் செய்தி வந்தது. சொல்ல வேண்டியதை அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். நான் திருப்பிச் சொன்னேன். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன். என் எல்லையின் கீழ்க்கோடியில் இருந்த அந்த ஊருக்கு மூன்றரை மணி நேரம்.

சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த தேவநேசனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“மணி சொல்லியாச்சா?”

“சொல்லிட்டேன் சார். கடைசி ஊருக்கு ரெண்டு மணி.”

“நல்லது. எத்திராஜை முதல்ல கடைசி ஊருக்கு அனுப்புங்க. ஆத்துக்குள்ள இன்ஜின் இருக்கும்.”

எத்திராஜ் பன்னிரண்டு மணிக்கு முன்பே அங்கே போய்விட்டார். அந்த ஊரில் ஆற்றுக்குள் ஐந்து இன்ஜின்கள் இருந்தன. ஐவரும் பேச்சைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் முனிரத்தினம். முக்கால் ஏக்கரில் கத்திரிக்காயும் மிளகாயும் போட்டிருந்தார். மனைவியின் தம்பி நாகராஜோடு சேர்ந்து இன்ஜினைக் கயிறு கட்டி மேலே இழுத்து, குழாயைச் சுருட்டி, ஒரு மணிக்கெல்லாம் கரை ஏறிவிட்டார். வேப்பமரத்தடியில் ஊரே கூடி நின்று ஆற்றைப் பார்த்தது.

இரண்டு மணி ஆயிற்று. மணல் வெளுத்துக் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மற்ற ஊர்களுக்குச் சொல்லிவிட்டு அந்த வழியே திரும்பிய எத்திராஜ், இரண்டரை மணிக்கு ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து என்னை அழைத்தார்.

“அம்மா, இங்க ஈரமே இல்லம்மா. ஜனங்க கிண்டல் பண்ணிகினு இருக்காங்க. இன்னா சொல்லட்டும்?”

அணைக்குப் பேச முயன்றேன், இணைப்புக் கிடைக்கவில்லை. மேலேயிருந்த தரைப்பாலத்தில் தண்ணீர் கடந்ததா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பட்டியல் தவறும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பட்டியல் சரியென்றால், வராத தண்ணீர் வழியிலேயே தீர்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் என் மனம் கணக்குப் போட்டது.

“மணல் குடிச்சிருக்கும் எத்திராஜ். வந்தாலும் கொறஞ்சுதான் வரும்னு நெனைக்கிறேன்.”

“ஆங், சரிம்மா.”

அவர் திருப்பிச் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை. அதைச் செய்தியாக நான் நினைக்கவே இல்லை, பேச்சாக நினைத்தேன்.

மணல் குடிக்கும் என்பது உண்மைதான். தேவநேசனின் பட்டியல் முழுவதும் மழைக்கால வெள்ளங்களிலிருந்து எடுத்தது. அப்போது ஆற்றுப்படுகை ஏற்கெனவே நனைந்திருக்கும். தண்ணீர் மேலோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மே மாதத்து மணல் அப்படியல்ல. முதலில் வரும் நீரை அது உறிஞ்சும். அத்தோடு, மணல் அள்ளியதால் உண்டான பெரும்பள்ளங்கள் வழிநெடுக இருந்தன. ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்த பிறகே தண்ணீர் அடுத்ததற்கு நகரும். அதனால் வெள்ளம் தாமதிக்கும். ஆனால் பின்னால் வரும் நீர் அதே அளவில் வந்துகொண்டே இருக்கிறது. கடைசிப் பள்ளம் நிரம்பியதும் முன்னால் தடையில்லை. படுகையும் இனிக் குடிக்காது. தாமதித்த வெள்ளம் பலவீனப்பட்ட வெள்ளம் அல்ல. இந்த ஒரு வரி எந்தப் பாடப்புத்தகத்தைப் பிரித்தாலும் கிடைக்கும். நானும் படித்துத் தேறியவள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை மூன்றாம் நாள் நாகராஜ் எனக்குச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்; பாவா என்று அவர் சொல்வது அக்கா கணவர் முனிரத்தினத்தை.

“மூணு மணிக்கெல்லாம் பாதிப் பேரு வூட்டுக்குப் பூட்டாங்க. பாவா மட்டும் போவல. செடியப் பாத்துகினே இருந்தாரு. எல தொவண்டு தொங்குது. காலையில ஒரு மடைதான் பாஞ்சிது. ‘இன்னிக்கி விட்டா நாளைக்கி வெறும் குச்சிதான்டா’ன்னாரு. நான் சொன்னேன், ‘பாவா, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்’னு. ‘ஏ.ஈ. அம்மா டைமு எப்பனா தப்பிருக்குதா? ரெண்டுன்னாங்க, இப்ப மூணரை. லஸ்கரும் கொறஞ்சிபோச்சின்னு சொல்லிட்டுப் போறான். இன்னும் இன்னாடா பாக்கறது’ன்னாரு. மறுபடியும் எறக்கினோம். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும், ‘நீ போயி மடையத் திருப்புடா, நான் இங்க ஆயிலு பாத்துக்கறேன்’னு அனுப்பிச்சிட்டாரு.”

நாகராஜ் வயலுக்குப் போய் மடையைத் திருப்பினார். குழாயில் தண்ணீர் வந்தது. நாலைந்து பாத்தி பாய்ந்திருக்கும். பிறகு தண்ணீர் நின்றுபோயிற்று. இன்ஜின் அணைந்துவிட்டதென்று நினைத்து, “பாவா, ஆயிலு தீந்துபோச்சா?” என்று கூவிக்கொண்டே கரைக்கு வந்திருக்கிறார்.

“வந்து பாத்தா பள்ளமே இல்லீங்கம்மா. ஆறுதான் கீது.”

நல்ல வெயில். மணி நான்கு நாற்பது. பள்ளத்தின் ஆழத்தில், இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தண்ணீரின் ஓசை கேட்டிருக்க வழியே இல்லை. மறுநாள் முற்பகலில், இரண்டு கிலோமீட்டர் கீழே, சீமைக் கருவேலம் புதருக்குள் முனிரத்தினத்தின் உடல் கிடைத்தது.

அன்றே மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரே கேள்விதான்.

“வார்னிங் குடுத்தீங்களா, இல்லியா?”

“குடுத்தோம் சார்.”

“அப்ப பிரச்சினை இல்ல. அறிக்கை அனுப்புங்க.”

நான் அறிக்கை எழுதினேன். அதன் முக்கியமான வாக்கியம் இது: ‘உரிய நேரத்தில் எச்சரிக்கை விடுக்கப்பட்டும், அதனை மீறி ஆற்றினுள் இறங்கியமையால் மேற்படி நபர் உயிரிழக்க நேர்ந்தது.’ எச்சரிக்கை விடுத்தது உண்மை, அவர் இறங்கியது உண்மை, இறந்தது உண்மை.

தேவநேசன் அதை இரண்டு முறை படித்தார். பென்சிலை எடுத்தார். எதையும் வட்டமிடாமல் கீழே வைத்தார்.

“அங்க போனீங்களா?”

“இல்ல சார். எத்திராஜ் வாக்குமூலம் இருக்குது.”

“கூட இருந்த பையன் என்ன சொல்றான்?”

“கேக்கல சார்.”

“கேட்டுட்டு வாங்க. அப்புறம் இதையே கொண்டாந்தீங்கன்னா கையெழுத்துப் போடறேன்.”

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து நான் போனபோது, பாதி வழியில் எத்திராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அம்மா, அந்த ரெண்டரை மணி போனு… உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். கொறஞ்சி வரும்னு நானா சொன்னேன்னு எழுதிக்கோங்க. எனக்கு இன்னா, இதுக்குக் கீழ எறக்கறதுக்கு வேலையே கெடையாது. உங்களுக்கு இன்னும் சர்வீஸ் கீதும்மா.”

அந்தப் பேச்சில் இருந்த அன்பு என்னை வெட்கப்படுத்தியது. அதைவிட, ஒரு கணம் அதை ஏற்றுக்கொள்ளலாமா என்று நான் யோசித்தது.

“வண்டிய எடுங்க எத்திராஜ்,” என்று மட்டும் சொன்னேன்.

முனிரத்தினத்தின் வீட்டில் நாகராஜ் மேலே நான் எழுதியதைச் சொல்லி முடித்தார். அவர் அக்கா கோவிந்தம்மா, முனிரத்தினத்தின் மனைவி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். முனிரத்தினத்தின் தாயார் வாசலில் யாரிடமோ தெலுங்கும் தமிழும் கலந்து புலம்பிக்கொண்டிருந்தார்; பேச்சைக் கேட்காத பிள்ளை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பெண்டாட்டியாவது தடுத்திருக்க வேண்டாமா என்று.

கோவிந்தம்மா என்னிடம் கேட்டார்: “ஊரு பூரா அதத்தான் பேசிகினு இருக்குது. கவர்மெண்டே சொல்லியும் கேக்காம எறங்கினான், அவனா தேடிகினதுன்னு. பெரியவன் பள்ளிக்கூடத்துக்குப் போமாட்டேன்றான். உங்க நைனா பேராசையில போனாருன்னு பசங்க சொல்றாங்களாம். நீங்க ஆபீசருங்க, உங்களுக்குத் தெரியும். அவரு மீறித்தான் போனாராம்மா?”

என்னிடம் பதில் இருந்தது. கைப்பைக்குள், மடித்த தாளில், தட்டச்சு செய்யப்பட்டு இருந்தது. அதை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத வாக்கியத்தை எழுதி மட்டும் அனுப்பலாமா என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் என் யோசனை.

அன்று மாலை அறிக்கையை மாற்றி எழுதினேன். மறுநாள் தேவநேசன் அதைப் படித்தபோது அறையில் நாங்கள் இருவர்தான். அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

“இந்த வாக்கியம் போச்சின்னா முதல் கேள்வி என் பட்டியலுக்குத்தான் வரும்,” என்றார்.

“ரெண்டாவது கேள்வி எனக்கு சார். ரெண்டரை மணி போன் நான் பேசினது.”

“அது உங்களையும் எத்திராஜையும் தவிர யாருக்கும் தெரியாதே.”

“ஆமா சார்.”

தேவநேசன் எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த தன் பட்டியலை நகத்தால் ஓரங்களைக் கிளப்பிக் கிழியாமல் பிரித்தெடுத்தார். அறிக்கையோடு இணைப்பாகக் குத்தினார். அதன் தலைப்பில், ‘மழைக்கால வெள்ளங்களை மட்டும் கொண்டு தயாரிக்கப்பட்டது, கோடைக்குப் பொருந்தாது, இக்குறிப்பு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் பேனாவால் குறிப்பு எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இருவரிடமும் விளக்கம் கேட்டார்கள். என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. தேவநேசன் ஓய்வு பெற்ற நாளில் பிரிவு உபசாரம் எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வழக்கமான ரயிலில் வீட்டுக்குப் போனார். போகும் முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்து புதிய படிவத்தை எழுதினோம். அதில் வந்து சேரும் நேரம் இல்லை. ‘வெள்ளம் கடந்துவிட்டது என்று மறுசெய்தி வரும்வரை ஆற்றில் இறங்கக் கூடாது’ என்ற வரி இருந்தது. லஸ்கர் செய்தி சொல்லிவிட்டுப் போகாமல், கடைசி ஊரில் தண்ணீரைக் கண்ணால் பார்க்கும்வரை நிற்க வேண்டும் என்பதும் சேர்ந்தது.

பவித்ரா, இந்தப் படிவத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பாதி அறிக்கைதான் எழுதியவளாவேன். நேரம் சொல்லாத எச்சரிக்கையை மக்கள் வெறுத்தார்கள். பின்னொரு கோடையில் மறுசெய்திக்காக ஒரு பகல் முழுவதும் காத்திருந்து, தண்ணீர் எல்லையையே தாண்டாமல் போக, நாற்றங்கால் காய்ந்த விவசாயி ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, “டைமு சொல்லத் தெரியலன்னா எதுக்கும்மா சம்பளம்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். வெயிலும் வெள்ளமும் எங்கள் ஊரில் தனித்தனி ஆபத்துகள் அல்ல. ஆற்றுக்குள் மனிதனை இறக்குவதே வெயில்தான். மேலே ஏறச் சொல்கிறவர், அவன் ஏறி நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எதை இழக்கிறான் என்று தெரிந்து சொல்ல வேண்டும். உங்கள் கருவிகள் ஈரப் படுகையையும் காய்ந்த படுகையையும் பிரித்தறியுமானால், நேரத்தைப் போடுங்கள். போட்ட நேரம் கடந்தும் தண்ணீர் வராவிட்டால் அடுத்த நிமிடமே என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். எங்கள் தவறு இரண்டு மணி என்று சொன்னதில் பாதி. இரண்டரை மணிக்குச் சொன்னதில் பாதி.

அறிக்கை மீது மேலிடத்தின் முடிவு வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு நான் அந்த ஊருக்குப் போனேன். அலுவலக வேலையாகப் போகவில்லை. பள்ளிப்பட்டுப் பேருந்தில் போய், இறங்கி நடந்தேன்.

கோவிந்தம்மா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“அன்னிக்கி நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லாம வந்துட்டேன்,” என்றேன்.

“எழுதிகினு வந்திருக்கீங்களா?”

“ஆமா.”

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீங்களே படிங்க.”

படித்தேன். “அலுவலகம் அறிவித்த நேரம்வரை முனிரத்தினம் ஆற்றில் இறங்கவில்லை. அந்த நேரத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தே இறங்கினார். அறிவிக்கப்பட்ட நேரம் தவறானது. தண்ணீர் குறைந்து வரும் என்று பின்னர் கூறப்பட்டதும் தவறானது. இரண்டையும் கூறியவர் கீழே கையொப்பமிட்டுள்ள பொறியாளர்.”

கோவிந்தம்மா என் மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“அப்ப அவரு உங்க பேச்ச மீறல,” என்றார். “கேட்டுதான் போயிருக்காரு.”

“ஆமாம்மா.”

தலையை ஆட்டிக்கொண்டார். கையிலிருந்த மிளகாய் நெடியோடு கண்ணைத் துடைக்கப் போய், நிறுத்தி, முழங்கையால் துடைத்தார். பிறகு உள்ளே திரும்பி, “ஏ அத்தே, இங்க வா,” என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். குழாயடியில் நின்றிருந்த இரண்டு பேரையும் கைகாட்டி அழைத்தார். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்தார்.

“இன்னொரு வாட்டி படிங்கம்மா,” என்றார். “கெழவிக்குக் காது கேக்காது. சத்தமா படிங்க.”

தெருவில் நின்றுகொண்டு, என்னால் முடிந்த அளவு சத்தமாகப் படித்தேன்.